தாத்தாவின் இசைத்தட்டும் பேத்தியின் தும்மலும்
தூசியை வெளியேற்றினால் போதும். பாட்டை வெளியேற்ற வேண்டியதில்லை

மும்பை சயான் கோலிவாடாவில் ஏழாவது மாடியில் ஒரு வீடு. குடிசை மாற்றுத் திட்டத்தில் கிடைத்த 225 சதுர அடி. ஒரு கூடம், ஒரு சமையல் மூலை, ஒரு குளியல் அறை. அதற்குள் ஐந்து பேர் வாழ்கிறார்கள். தாத்தா, ஆச்சி, மகன், மருமகள், ஏழு வயதுப் பேத்தி.

ஆறாவது நபராக அங்கே 640 இசைத்தட்டுகளும் குடியிருந்தன.

'போட்மாளா' என்று இங்கே சொல்லப்படும் பரணில், பழைய அட்டைப் பெட்டிகளில் அவை அடுக்கப்பட்டிருந்தன. அந்தப் பரணுக்கு நேர் கீழேதான் பேத்தியின் மெத்தை விரிக்கப்படும்.

பேத்திக்கு மழைக்காலம் தொடங்கினால் போதும். காலையில் அடுக்குத் தும்மல். கண்ணில் அரிப்பு. இரவு இரண்டு மணிக்கு நெஞ்சுக்குள் விசில் அடிப்பது போன்ற இழுப்பு. அம்மா தோளில் போட்டுக்கொள்ள, அப்பா டாக்சி பிடிக்க, நகராட்சி மருத்துவமனைக்கு ஓடுவது ஒரு ஜூலை மாதத்தில் மட்டும் நான்கு முறை நடந்தது.

"இந்த ரிக்கார்டு பெட்டி வீட்டில் இருக்கணுமா, குழந்தை இருக்கணுமா?" என்ற கேள்வி வீட்டில் எழுந்தது. தூசி ஒவ்வாமை உள்ள குழந்தையும், பழைய பொருளை விட மனமில்லாத பெரியவரும் ஒரே கூரையின் கீழ் வாழும் எந்த வீட்டிலும் எழக்கூடிய கேள்விதான் இது.

மைக் செட்

பெரியவருக்கு வயது 76. நெல்லை மாவட்டக்காரர். 1967-ல் பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்தார். பகலில் பரேல் பகுதியில் பஞ்சாலை வேலை. 1974-ல் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்களும் ஒரு ரிக்கார்டு பிளேயரும் வாங்கி, தாராவியில் 'மைக் செட்' வாடகைக்கு விடத் தொடங்கினார்.

தாராவியில் கல்யாணமா, காதுகுத்தா, மாரியம்மன் கோவில் கொடையா, முதலில் கேட்பது அவருடைய குழாய்தான். சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு முடிந்த பிறகு டி.எம்.சவுந்தரராஜன், பி.சுசீலா. முஸ்லிம் வீட்டுக் கல்யாணத்துக்கு நாகூர் ஹனிபா. இரவு சாப்பாடு முடிந்ததும் 'திருவிளையாடல்' வசனத் தட்டு. கூட்டம் படம் பார்ப்பது போலத் தரையில் உட்கார்ந்து கேட்கும்.

18-1-1982 அன்று மும்பைப் பஞ்சாலைத் தொழிலாளர்களின் பெரிய வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் 2½ லட்சம் பேர் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். அவர்களில் பலர் மறுபடியும் ஆலைக்குள் நுழையவே இல்லை. பெரியவரும் அப்படித்தான். சம்பளம் நின்றது. சாளியில் பால்காரருக்கும் ரேஷன் கடைக்கும் கடன் ஏறியது. அந்த நாட்களில் வீட்டில் அடுப்பு எரிந்தது மைக் செட் வாடகையால்தான். அவர் மகன் பள்ளிக்கூடம் போனதும் அந்தத் தட்டுகள் சுழன்ற காசில்தான்.

பிறகு கேசட் வந்தது. தட்டு போடச் சொல்லிக் கேட்பவர் குறைந்தார்கள். 1990-ல் ஒலிபெருக்கிக் குழாய்களை விற்றுவிட்டார். தட்டுகளை மட்டும் விற்கவில்லை.

தட்டின் கதை

இசைத்தட்டுகள் எல்லாம் ஒரே வகை அல்ல. இந்த வேறுபாடு தெரிந்திருந்தால்தான் அவற்றைப் பாதுகாக்க முடியும்.

நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டு அரக்கினால் செய்யப்பட்டது. நம் நாட்டுக் காடுகளில் அரக்குப் பூச்சி தரும் அதே அரக்குதான். அதனுடன் கல்பொடியும் கரியும் கலந்து அழுத்தித் தட்டு வார்த்தார்கள். கீழே விழுந்தால் அப்பளம் போல நொறுங்கிவிடும். கல்கத்தாவில் இத்தகைய தட்டுகள் தயாரிக்கும் தொழிற்சாலை 1908-ல் ஏற்பட்டது. 1928-ல் டம்டம்மில் பெரிய தொழிற்சாலை வந்தது. நாய்ப் படம் போட்ட எச்.எம்.வி. தட்டுகள் நாடு முழுவதும் போனது அங்கிருந்துதான்.

எல்.பி. எனப்படும் 12 அங்குல நீண்ட நேரத் தட்டு 1948-ல் அமெரிக்காவில் வந்தது. 45 சுற்றுச் சிறு தட்டு 1949-ல் வந்தது. நம் ஊரில் அதிகம் புழங்கிய இ.பி. அந்தச் சிறு தட்டின் அளவில் வந்ததுதான். எல்.பி.யும் இ.பி.யும் 'வினைல்' என்னும் பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்தவை. சட்டென்று உடையாது. ஆனால் சூடு பட்டால் வளைந்துவிடும். துடைத்தாலும் உரசினாலும் மின்னேற்றம் பெற்று, தூசியைக் காந்தம் போல இழுத்துக்கொள்ளும்.

தட்டு மட்டும் என்றால் தொல்லை குறைவு. அதைச் சுற்றியிருக்கும் காகித உறை, அட்டை, பசை ஆகியவற்றில்தான் வில்லங்கம் இருக்கிறது. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தையும் தாண்டும். காகிதம் அந்த ஈரத்தைக் குடிக்கும். அதில் பூஞ்சக்காளான் பிடிக்கும். பசையைத் தின்னக் கரப்பான் வரும். வெள்ளிப்பூச்சி வரும். பூஞ்சக்காளானின் நுண் விதையும், கரப்பானின் எச்சமும் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியவை.

காலண்டரில் சிவப்புக் குறி

மருமகள் பத்தாவது வரை படித்தவர். குழந்தை இழுத்த இரவுகளையெல்லாம் அவர் சுவர்க் காலண்டரில் சிவப்புப் பென்சிலால் குறித்து வைத்தார். இரண்டு மாதக் குறிகளைப் பார்த்ததில் ஒன்று புலப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் குறி அதிகம்.

ஞாயிறு காலையில் பெரியவர் பெட்டியை இறக்குவார். தட்டை எடுத்து வாயால் ஊதுவார். காய்ந்த துணியால் துடைப்பார். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து உறையில் உள்ள படங்களைப் பார்ப்பாள். மாலையில் தும்மல். இரவில் இழுப்பு.

"மாமா, நான் குறை சொல்லலை. காலண்டரைப் பாருங்க" என்றார் மருமகள்.

பெரியவர் பதில் பேசவில்லை. மறுநாள் மருமகள் மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரத்தில் கீழே போய்ப் பங்கார்காரரை அழைத்து வந்தார். எடை போட்டு, கிலோ கணக்கில் விலை பேசினார்கள். தட்டுகள் நான்கு சாக்குகளில் இறங்கின. இரண்டு சாக்குகள் மாடிப்படி வரை போய்விட்டன.

காய்கறிப் பையுடன் படியேறி வந்த மருமகள் அதைப் பார்த்தார். மாமனார் சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். கை நடுங்கியது. முடிச்சு விழவில்லை.

காலண்டரில் வேறு குறிகளும் இருந்தன. பெட்டியை யாரும் தொடாத புதன், வியாழனிலும் குழந்தை இழுத்திருந்தாள். மருத்துவமனையில் குழந்தையின் கையில் ஊசி முனையால் கீறிப் பார்த்த ஒவ்வாமைச் சோதனையில், மெத்தையில் வளரும் தூசிப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் தடித்திருந்தது. டாக்டர் முதலில் கேட்டதும் ரிக்கார்டைப் பற்றி அல்ல, "மெத்தை எத்தனை வருஷம் பழசு?" என்பதுதான்.

"சாக்கை உள்ளே கொண்டு வாங்க மாமா. டாக்டர் சொன்ன மெத்தையை முதல்ல பாப்போம். பெட்டியையும் ஒழுங்கு பண்ணுவோம். அப்புறமும் இழுத்தா, பங்கார்காரரை நானே கூப்பிடுதேன்" என்றார் மருமகள்.

உண்மையான எதிரி

வீட்டுத் தூசிப் பூச்சி கண்ணுக்குத் தெரியாது. நீளம் ஒரு மில்லி மீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். கடிக்காது. மனித உடலிலிருந்து உதிரும் தோல் செதிலைத் தின்று வாழும். அதற்குத் தண்ணீர் குடிக்கத் தெரியாது. காற்றில் உள்ள ஈரத்தை உடலால் உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் ஈரமான ஊர்களில் பெருகும். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நெடுநாள் இருந்தால் காய்ந்து செத்துவிடும். ஒவ்வாமை தருவது பெரும்பாலும் அதன் எச்சம். மெத்தை, தலையணை, கம்பளி, துணிப் பொம்மை ஆகியவை அதன் முக்கிய வீடுகள்.

எனவே வீட்டில் ஒருவருக்குத் தூசி ஆகாது என்றால், பரணைக் காலி செய்வதோடு வேலை முடிந்துவிடாது. படுக்கையிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த வீட்டில் பழைய இலவம் பஞ்சு மெத்தை போயிற்று. புதிய மெத்தைக்கும் தலையணைக்கும் நெருக்கமாக நெய்த, ஜிப் வைத்த உறை போட்டார்கள். விரிப்பையும் போர்வையையும் வாரம் ஒரு முறை வெந்நீரில் துவைக்கிறார்கள். வெந்நீர் 60 டிகிரி சூடு இருந்தால் தூசிப் பூச்சி சாகும். மழை விட்ட நாளில் மெத்தை மொட்டை மாடிக்குப் போகிறது. வெயிலில் பூச்சி காய்ந்து செத்தாலும், அதன் எச்சம் அப்படியே இருக்கும். ஆகையால் துவைப்பதும், தட்டி எடுப்பதும் அவசியம். மெத்தையைத் தட்டும்போது குழந்தை அருகில் இருக்கக் கூடாது.

கொசுவர்த்திச் சுருளும் ஊதுபத்தியும் நின்றன. இந்தப் புகை தூசி அல்ல. ஆனால் ஏற்கெனவே புண்பட்ட மூச்சுக்குழாயை மேலும் எரிய வைக்கும். கொசுவலை வந்தது.

பீரோவுக்குள் பாட்டு

அடுத்தது தட்டுகள். 640-ஐயும் 225 சதுர அடிக்குள் சுத்தமாக வைத்திருக்க முடியாது. பெரியவர் மூன்று வாரம் உட்கார்ந்து பிரித்தார். தாழ்வாரத்தில், மூக்கையும் வாயையும் மூடும் என்-95 முகக்கவசம் கட்டிக்கொண்டு, பேத்தி பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தில்.

பூஞ்சை ஏறி அட்டையே மக்கிப் போனவற்றின் உறைகளைக் கழித்தார். ஒரே பாட்டு இரண்டு தட்டுகளில் இருந்தால் ஒன்றைக் கழித்தார். கடைசியில் 210 தட்டுகள் நின்றன. மற்றவற்றில் நல்ல நிலையில் இருந்தவற்றை சோர் பஜார் வியாபாரி ஒருவர் எடுத்துக்கொண்டார். பழைய தட்டுகளுக்கு இப்போது மீண்டும் கிராக்கி இருப்பதால் பங்கார் விலையை விடப் பல மடங்கு கிடைத்தது. அந்தப் பணத்தில் கதவுள்ள பழைய ஸ்டீல் பீரோ ஒன்று வாங்கினார்கள்.

அந்த பீரோவை வைத்த விதம் மற்றவர்களுக்கும் பயன்படும்.

இடம்: மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரை ஒட்டி வைக்கக் கூடாது. அந்தச் சுவர் உள்ளேயும் வியர்க்கும். உள்சுவர் ஓரம், சுவருக்கும் பீரோவுக்கும் நான்கு விரற்கடை இடைவெளி. அடியில் செங்கல் வைத்துத் தரையிலிருந்து உயர்த்த வேண்டும். குழந்தை படுக்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம். இந்த வீட்டில் அது வாசற்கதவுப் பக்கம்.

மரமா, இரும்பா: இரும்பு ஈரம் குடிக்காது, பூஞ்சை பிடிக்காது, ஈரத்துணியால் துடைக்கலாம். புதிய பிளைவுட்டின் காரமான வாடை ஆஸ்துமாக்காரர்களுக்கு எரிச்சல் தரும்.

அடுக்கும் முறை: ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் அடித்தட்டு நசுங்கி வளையும். புத்தகம் போல நேராக நிறுத்த வேண்டும். சாயவும் கூடாது, கை நுழையாதபடி இறுக்கவும் கூடாது. 25 தட்டுக்கு ஒரு தடுப்பு போதும். உறையுடன் ஒரு எல்.பி. 200 முதல் 250 கிராம் வரை இருக்கும். நூறு தட்டு 20 கிலோவுக்கு மேல். ஆகவே கனமானவை கீழ்த்தட்டில். நொறுங்கும் 78 சுற்றுத் தட்டுகளுக்குத் தனித் தட்டு.

உறை: உள்ளே இருந்த பழைய காகித உறைகளை எல்லாம் எறிந்துவிட்டு, மெல்லிய பாலிதீன் உறை போட்டார். வெளி அட்டைக்கும் ஒரு பாலிதீன் உறை. இதனால் அட்டையின் தூசி அட்டையோடு நிற்கும். கையில் எடுக்கும்போது பறக்காது. ஆனால் ஈர அட்டையைப் பாலிதீனில் போட்டு மூடினால் உள்ளேயே பூஞ்சை வளரும். நிழலில் நன்றாக உலர்த்திய பிறகே மூட வேண்டும். மெத்தைக்குத்தான் வெயில். தட்டை வெயிலில் வைத்தால் முறுக்கிக்கொள்ளும்.

ஈரம்: பீரோவின் ஒவ்வொரு தட்டிலும் சிலிகா ஜெல் பொட்டலம். ஈரம் குடித்து நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மறுபடி வைக்கலாம். குழந்தை கைக்கு எட்டக் கூடாது. ஈரப்பதம் காட்டும் சிறு கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது பீரோவுக்குள் 50 சதவீதத்தை ஒட்டிக் காட்டினால் தட்டுக்கும் நல்லது, மூச்சுக்கும் நல்லது.

பாச்சை உருண்டை: பழைய பெட்டிகளில் பெரியவர் இதைத்தான் கொட்டி வைத்திருந்தார். பூச்சி வராது என்பது அவர் எண்ணம். அந்த வாடையே இழுப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. சிறு குழந்தை மிட்டாய் என்று வாயில் போட்டால் உயிருக்கே ஆபத்து. சில வகை பிளாஸ்டிக்கையும் அது இளக்கிவிடும். ஒரு உருண்டை விடாமல் எடுத்து எறிந்தார்கள். பூச்சிக்குப் பதில், பீரோ அருகில் தின்பண்டம் வைப்பதில்லை என்று விதி செய்தார்கள்.

கழுவும் விதம்

ஊதுவதும், காய்ந்த துணியால் தட்டுவதும் தூசியை ஓரிடத்திலிருந்து எழுப்பி மூக்குக்கு அனுப்பும் வேலை. எழுந்த தூசியில் கனமானது அரை மணி நேரத்தில் படிந்துவிடும். பூஞ்சை விதை அதற்கு மேலும் மிதக்கும். எனவே ஈரமாகத்தான் சுத்தம் செய்ய வேண்டும். வீட்டுக்கு வெளியே செய்வது இன்னும் நல்லது.

பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் கால் லிட்டர். அதில் வாசனை இல்லாத திரவ சோப்பு இரண்டு சொட்டு. மென்மையான பஞ்சுத் துணியை நனைத்துப் பிழிந்து, கோடு ஓடும் வட்டத்திலேயே துடைக்க வேண்டும். நடுவில் உள்ள காகிதச் சீட்டு நனையக் கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரால் ஒரு முறை துடைத்து, நிழலில் நிறுத்தி உலர்த்த வேண்டும். குழாய் நீரில் உள்ள உப்பு கோட்டுக்குள் படிந்து கரகரக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஸ்பிரிட் தொட்டு 78 சுற்றுத் தட்டைத் துடைக்கவே கூடாது. ஸ்பிரிட்டில் அரக்கு கரையும். பாட்டோடு தட்டும் போய்விடும்.

தூசியைத் துடைப்பவர், ஒவ்வாமை இல்லாதவராக இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் கை கால் கழுவி, சட்டை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும். தட்டை எடுத்துப் போடுவது தாத்தா, கேட்பது பேத்தி. உறைப் படம் பார்க்க ஆசைப்பட்டால் பாலிதீன் உறையோடு பார்க்கலாம்.

மருந்தை நிறுத்தக் கூடாது

பீரோ வாங்கினால் ஆஸ்துமா போய்விடும் என்று யாரும் நினைக்கக் கூடாது. டாக்டர் எழுதிக் கொடுத்த உறிஞ்சு மருந்தை, குழந்தை நன்றாக இருக்கும் நாட்களிலும் சொன்னபடி கொடுக்க வேண்டும். 'இன்ஹேலர் பழக்கமாகிவிடும்' என்று பயந்து பாதியில் நிறுத்துபவர்கள் நம்மவர்களில் பலர். அது தவறு. மூச்சுவிடத் திணறி, பேச முடியாமல், உதடு நீலம் பாய்ந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வீட்டில் யாருக்கு எது ஒவ்வாது என்பதைச் சோதனை செய்தே அறிய முடியும். ஒருவருக்குத் தூசிப் பூச்சி, இன்னொருவருக்குப் பூஞ்சை, மற்றொருவருக்குப் பூனை. காரணம் தெரியாமல் கண்ணில் பட்ட பொருளை எல்லாம் வெளியே எறிந்தால் பொருளும் போகும், தும்மலும் நிற்காது.

இரண்டு மழைக்காலம்

அதன் பிறகு இந்த வீட்டில் இரண்டு மழைக்காலங்கள் வந்து போய்விட்டன. முதல் ஆண்டு ஜூலையில் காலண்டரில் ஐந்து சிவப்புக் குறிகள். அடுத்த ஆண்டு ஜூலையில் இரண்டு. இரண்டு நாளும் வீட்டிலேயே மருந்து கொடுத்துச் சமாளித்தார்கள். நள்ளிரவில் டாக்சி தேடி ஓடவில்லை.

மருமகள் இன்னும் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. "குறி ஏறிச்சுன்னா பேச்சு மாறும்" என்று சிரிக்காமலே சொல்கிறார். பெரியவரும் அதை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு பீரோ கதவு திறக்கிறது. பெரியவர் வாசலுக்கு வெளியே தாழ்வாரத்தில் நின்று தட்டைத் துடைக்கிறார். பேத்தி கூடத்தின் அந்தக் கோடியில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருக்கிறாள்.

"தாத்தா, இன்னிக்கு வசனத் தட்டு போடுங்க."

கோவில் கொடையில் நூறு பேர் தரையில் உட்கார்ந்து கேட்ட அதே தட்டு. முள் இறங்குகிறது. சற்றுக் கரகரப்பு இருக்கிறது. ஏழு மாடிக்குக் கேட்கும்படி வைக்க இப்போது குழாய் இல்லை. ஒரு கூடத்துக்குப் போதுமான சத்தம். ஆச்சி சமையல் மூலையிலிருந்து அடுத்த வசனத்தை முன்கூட்டியே சொல்கிறார். பேத்தி அதைத் திருப்பிச் சொல்கிறாள், மூச்சு வாங்காமல்.